மின்னஞ்சலும் வணிக நாணயமும்

பேரா மாநிலத்து ரப்பர் தோட்டங்களில் சம்பளம் மாதத்திற்கு ஒருமுறைதான் கிடைக்கும். ஆனால், அடுப்பு நாள்தோறும் எரிய வேண்டும். ஆகவே, அரிசியும் பருப்பும் எண்ணெயும் பெரும்பாலும் கடனுக்கே வாங்கப்பட்டன. மளிகைக் கடைக்காரர் அவற்றை ஒரு சிறிய குறிப்பேட்டில் எழுதிவைப்பார். அதன் அட்டையில் 555 என்னும் எண் அச்சிடப்பட்டிருந்ததால் அதனை '555 புத்தகம்' என்றே மக்கள் அழைத்தனர்.

அந்தச் சிறு புத்தகத்தில் இருந்தது வெறும் வரவு செலவுக் கணக்கன்று. ஒரு குடும்பத்தின் நாணயமும் அதில் அடங்கியிருந்தது. சம்பள நாளில் கடனை அடைத்தவருக்கு மறுமாதமும் பொருள் கிடைத்தது. கடனை அடைக்காமல் அடுத்த கடைக்குச் சென்றவருக்கோ, அவருக்கு முன்பே அவரைப் பற்றிய செய்தி அங்குப் போய்ச் சேர்ந்திருந்தது. யாரும் அவர்மீது வழக்குத் தொடுக்கவில்லை. அறிவிப்புப் பலகையில் அவர் பெயரை எழுதவுமில்லை. ஒரு கடைக்காரர் மற்றொரு கடைக்காரரிடம் சொன்ன ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது.

தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. 555 புத்தகமும் அருகி வருகிறது. எனினும், நம்பிக்கை இழந்தவரைப் பற்றி ஒருவருக்கொருவர் எச்சரித்துக்கொள்ளும் அந்த வழக்கம் இன்று இணையத்தில் வேறு வடிவில் நடைபெறுகிறது. மின்னஞ்சலைத் தவறாகப் பயன்படுத்தும் அனுப்புநர்களின் முகவரிகள் ஒரு பட்டியலில் சேர்க்கப்படுகின்றன. அதற்குக் 'கருப்புப் பட்டியல்' என்று பெயர். மின்னஞ்சல்வழி வணிகம் செய்யும் ஒவ்வொருவரும் இப்பட்டியலைப் பற்றி அறிந்திருத்தல் வேண்டும்.

சிலிபினில் ஒரு பலகார வணிகம்

ஈப்போ நகரின் சிலிபின் வட்டாரம் தமிழர்களுக்கு நன்கு அறிமுகமான இடமாகும். லூர்து அன்னை ஆலயம் இங்குதான் அமைந்துள்ளது. இதற்கு அருகிலுள்ள புந்தோங்கில் 'கம்போங் கச்சாங் பூத்தே' என்றே ஒரு குடியிருப்புப் பகுதி உண்டு. கடலை, முறுக்கு, ஓமப்பொடி முதலிய நொறுக்குத் தீனிகளைத் தயாரித்து விற்ற தமிழ்க் குடும்பங்களே அப்பெயருக்குக் காரணம்.

இத்தகைய சூழலில் வாழும் ஒரு கற்பனை வணிகரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். சிலிபினில் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கும் அம்மையார் அவர். பல ஆண்டு உழைப்பில் அவருக்கு 600 வாடிக்கையாளர்கள் சேர்ந்துள்ளனர். தம் மின்னஞ்சல் முகவரியை அவர்களே அவரிடம் தந்தவர்கள். ஆண்டுதோறும் தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவர் ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்புவார். அதில் பலகாரங்களின் பெயரும் விலையும் இருக்கும். பினாங்கிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் ஜொகூர் பாருவிலிருந்தும் முன்பதிவுகள் வந்து சேரும்.

இந்த ஆண்டு ஒருவர் அவரிடம் 50,000 மின்னஞ்சல் முகவரிகளைக் குறைந்த விலைக்குத் தருவதாகக் கூறுகிறார். 600 பேருக்கு அனுப்பியே இவ்வளவு விற்பனை என்றால் 50,000 பேருக்கு அனுப்பினால் எவ்வளவு விற்பனையாகும் என்று அம்மையார் கணக்கிடுகிறார். முகவரிகளை வாங்கி, ஒரே நாளில் அனைவருக்கும் விளம்பரத்தை அனுப்பிவிடுகிறார்.

இரண்டு நாள்களுக்குப் பின்னர், கிள்ளானிலுள்ள ஒரு தொழிற்சாலை தன் ஊழியர்களுக்குத் தீபாவளி அன்பளிப்பாக 300 பொட்டலம் முறுக்கு வேண்டும் என்று விலை கேட்டு எழுதுகிறது. அம்மையார் உடனே பதில் அனுப்புகிறார். ஆனால், அந்தப் பதில் தொழிற்சாலை அதிகாரியின் பார்வைக்குச் செல்லவே இல்லை. மூன்று நாள்கள் காத்திருந்த அவர் வேறு கடையை நாடிவிடுகிறார். பழைய வாடிக்கையாளர்கள் சிலரும், "பணம் கட்டிவிட்டோம், உறுதிக் கடிதம் இன்னும் வரவில்லையே, அம்மா!" என்று தொலைபேசியில் அழைத்துக் கேட்கின்றனர். அவர் எழுதிய கடிதத்தில் ஒரு குறையும் இல்லை. அனுப்பியவர் முகவரிதான் கருப்புப் பட்டியலில் ஏறிவிட்டது.

அழையாத அஞ்சலின் வரலாறு

கேட்காமலேயே கூட்டமாக அனுப்பப்படும் விளம்பர மின்னஞ்சலைத் தமிழில் 'குப்பை அஞ்சல்' என்பர். ஆங்கிலத்தில் அதற்கு 'ஸ்பேம்' என்று பெயர். 1937ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த தகர டின் இறைச்சி ஒன்றின் பெயரே அது. 1970ஆம் ஆண்டு பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் 'மாண்டி பைத்தான்' குழுவினர் ஒரு நகைச்சுவைக் காட்சியை நடித்தனர். அக்காட்சியில் வரும் உணவகத்தில் ஏறக்குறைய எல்லா உணவிலும் அந்த இறைச்சி கலந்தே வரும். மற்றவர் பேச்சை அமுக்கிவிடும் அளவுக்கு அதன் பெயரும் திரும்பத் திரும்ப ஒலிக்கும். வேண்டாதது ஒன்று எங்கும் நிரம்பி வேண்டியதை மறைத்துவிடுவதால் இணையப் பயனர்கள் அப்பெயரையே விளம்பரக் குப்பைக்கும் சூட்டினர்.

இரண்டு கணினிகளுக்கிடையே மின்னஞ்சல் அனுப்பும் முறையை ரே டாம்லின்சன் என்னும் பொறியியலாளர் 1971ஆம் ஆண்டு உருவாக்கினார். முகவரியில் '@' என்னும் குறியைப் பயன்படுத்தியவரும் அவரே. ஏழே ஆண்டுகளில் முதல் குப்பை அஞ்சலும் பிறந்துவிட்டது. 1978ஆம் ஆண்டு மே மாதம், கேரி துவெர்க் என்னும் கணினி விற்பனையாளர் தம் நிறுவனத்தின் புதிய கணினியைக் காண வருமாறு ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே சமயத்தில் மின்னஞ்சல் அனுப்பினார். இணையத்தின் முன்னோடியான 'அர்பாநெட்' வலையமைப்பைப் பயன்படுத்தியோர் அப்போது மிகச் சிலரே. அவ்வலையமைப்பு அமெரிக்கத் தற்காப்புத் துறையின் ஆய்வுப் பணிக்காக அமைக்கப்பட்டது. ஆகவே, எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. வலையமைப்பை நிருவகித்தவர்கள் அந்நிறுவனத்தைக் கண்டித்தனர். ஆனால், அந்த ஒரு மின்னஞ்சலால் பத்து மில்லியனுக்கும் அதிகமான டாலர் மதிப்புள்ள விற்பனை நடந்ததாகத் துவெர்க் பின்னாளில் கூறினார்.

குப்பை அஞ்சலின் சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. அதனை அனுப்புபவருக்குச் செலவு மிகக் குறைவு. கிடைக்கக்கூடிய வருவாயோ பெரிது. செலவு முழுவதும் பெறுபவரின் தலையில் விழுகிறது. தபால்தலை ஒட்டி அனுப்பும் கடிதத்தில் ஒவ்வோர் உறைக்கும் அனுப்புநர் பணம் கட்ட வேண்டும். ஆகவே, அவர் சிந்தித்து அனுப்புவார். மின்னஞ்சலில் அந்தத் தடை இல்லை. ஆயிரம் பேருக்கு அனுப்புவதற்கும் இலட்சம் பேருக்கு அனுப்புவதற்கும் செலவில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால், அந்த இலட்சம் பேரும் ஆளுக்கு ஐந்து விநாடி செலவிட்டு அதனை அழித்தால், ஏறக்குறைய 139 மணி நேர மனித உழைப்பு வீணாகிறது.

கருப்புப் பட்டியல் இயங்கும் முறை

1990களில் குப்பை அஞ்சல் பெருகியது. சட்டங்கள் வரும்வரை காத்திராமல், அஞ்சல் வழங்கிகளைப் பராமரித்த பொறியியலாளர்களே தீர்வு தேடினர். அஞ்சல் வழங்கி என்பது ஒரு நிறுவனத்திற்கு வரும் மின்னஞ்சல்களைப் பெற்று உரியவரிடம் சேர்க்கும் கணினியாகும். பால் விக்சி என்னும் இணையப் பொறியியலாளர் 1997ஆம் ஆண்டு, குப்பை அஞ்சல் வரும் கணினிகளின் எண்களைத் தொகுத்து மற்ற நிருவாகிகளோடு பகிர்ந்துகொள்ளும் பட்டியல் ஒன்றைத் தொடங்கினார். மறு ஆண்டு ஸ்டீவ் லின்ஃபோர்டு இலண்டனில் 'ஸ்பேம்ஹவுஸ்' என்னும் அமைப்பை நிறுவினார். இன்றும் உலகின் பல அஞ்சல் வழங்கிகள் அவ்வமைப்பின் பட்டியல்களைப் பயன்படுத்துகின்றன.

இணையத்தில் இணைந்துள்ள ஒவ்வொரு கணினிக்கும் வீட்டு எண்ணைப் போல ஓர் எண் உண்டு. அது 203.0.113.7 போன்ற வடிவில் அமையும். ஒரு மின்னஞ்சல் வந்து சேர்ந்தவுடன், பெறும் வழங்கி அதனை அனுப்பிய கணினியின் எண்ணைக் குறித்துக்கொள்கிறது. பின்னர், "இந்த எண் உங்கள் பட்டியலில் உள்ளதா?" என்று பட்டியல் அமைப்பிடம் வினவுகிறது. இந்த வினாவில் அந்த எண் 7.113.0.203 என்று பின்னிருந்து முன்னாக மாற்றி எழுதப்படும். பட்டியலில் இருந்தால் 127.0.0.2 போன்ற ஒரு குறியீடு விடையாக வரும். இல்லையென்றால் 'அப்படியொன்று இல்லை' என்னும் விடை வரும். இவ்வளவும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

கணினி எண்கள் மட்டுமன்றி, முகவரியில் '@' குறிக்குப் பின்னால் வரும் நிறுவனப் பெயர்களும் பட்டியலிடப்படுகின்றன. பட்டியலில் உள்ளவரின் அஞ்சலை என்ன செய்வது என்பதைப் பட்டியல் அமைப்பு முடிவு செய்வதில்லை. பெறும் வழங்கியே அதனை முடிவு செய்கிறது. சில வழங்கிகள் அஞ்சலைத் திருப்பி அனுப்பிவிடும். அவ்வாறு திரும்பினால் அனுப்பியவருக்குச் செய்தி தெரியவரும். சில வழங்கிகள் அதனை ஓசையின்றிக் குப்பை அஞ்சல் பெட்டிக்குள் போட்டுவிடும். சிலிபின் அம்மையாருக்கு நேர்ந்தது இதுதான். கடிதம் போய்ச் சேர்ந்தது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அது திறக்கப்படாத பெட்டிக்குள் கிடந்தது.

பட்டியலில் ஏறும் காரணங்கள்

அம்மையார் யாரையும் ஏமாற்றவில்லை. கெட்ட எண்ணத்துடன் எதையும் செய்யவுமில்லை. அப்படியிருந்தும் அவருடைய முகவரி ஏன் பட்டியலில் ஏறியது? காரணங்கள் பல.

முதலாவதாக, விலைக்கு வாங்கிய பட்டியலில் செயலிழந்த முகவரிகள் நிறைய இருக்கும். வேலை மாறியவர்கள், நிறுவனத்தை மூடியவர்கள், முகவரியைக் கைவிட்டவர்கள் எனப் பலர் அதில் அடங்குவர். அவர்களுக்கு அனுப்பிய அஞ்சல்கள் திரும்பி வந்துகொண்டே இருக்கும். தமக்கு அறிமுகமானவர்களுக்கு மட்டும் எழுதுபவருக்கு இவ்வளவு கடிதங்கள் திரும்பி வாரா. இதனைக் கண்ட வழங்கிகள் அனுப்புநர்மீது ஐயம் கொள்கின்றன.

இரண்டாவதாக, 'பொறி முகவரிகள்' என்று சில உள்ளன. இவை எந்த மனிதருக்கும் சொந்தமானவை அல்ல. எந்தப் படிவத்திலும் யாரும் நிரப்பாதவை. குப்பை அஞ்சல் அனுப்புவோரைக் கண்டறிவதற்காகவே உருவாக்கப்பட்டவை. வெகுகாலத்திற்கு முன்பே கைவிடப்பட்ட சில முகவரிகளும் பின்னர் பொறிகளாக மாற்றப்படுகின்றன. பொறி முகவரிக்கு ஓர் அஞ்சல் வந்தால், அனுப்பியவர் அந்த முகவரியைக் கேட்டுப் பெறவில்லை அல்லது தம் பட்டியலைத் தூய்மையாக வைத்திருக்கவில்லை என்பது தெரிகிறது.

மூன்றாவதாக, மக்களின் புகார்கள். மின்னஞ்சலைப் பெற்றவர் 'இது குப்பை அஞ்சல்' என்னும் பொத்தானை அழுத்தும்போது அது ஒரு வாக்காகப் பதிவாகிறது. 2024ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் கூகள் நிறுவனம், தன் ஜிமெயில் பயனர்களுக்கு நாளொன்றுக்கு 5,000 அல்லது அதற்கு மேற்பட்ட அஞ்சல்களை அனுப்புவோருக்கெனச் சில விதிகளை நடைமுறைப்படுத்தியது. புகார் விகிதம் 0.3 விழுக்காட்டை எட்டக்கூடாது என்பது அவற்றுள் ஒன்று. அதாவது, ஆயிரம் அஞ்சல்களுக்கு மூன்று புகார்கள் என்பதே எல்லை. அம்மையார் வாங்கிய முகவரிகளில் 20,000 மட்டும் ஜிமெயில் முகவரிகள் என்று கொண்டால்கூட, 60 பேரின் புகார் அந்த எல்லையைத் தொட்டுவிடும். முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து வரும் விளம்பரத்திற்கு 20,000 பேரில் 60 பேர் எரிச்சல் அடைவது வியப்பன்று.

நான்காவதாக, கவனக்குறைவும் ஒரு காரணமாகும். எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லை வைத்திருந்தால், பிறர் அக்கணக்கிற்குள் புகுந்து அதன்வழிக் குப்பை அஞ்சல்களை அனுப்பக்கூடும். தவறு செய்தவர் ஒருவர். பட்டியலில் ஏறுவதோ கணக்கின் உரிமையாளர்.

பட்டியலும் நீதியும்

கருப்புப் பட்டியலால் குற்றமற்றவர்களும் பாதிக்கப்படுவதுண்டு. சிறுவணிகர்கள் பலர் தமக்கெனத் தனிக் கணினி வைத்திருப்பதில்லை. ஒரே வழங்கியைப் பலர் வாடகைக்குப் பகிர்ந்துகொள்கின்றனர். அதில் ஒருவர் குப்பை அஞ்சல் அனுப்பினால், அந்த வழங்கியின் எண் பட்டியலில் ஏறும். அதே எண்ணைப் பயன்படுத்தும் மற்றவர்களின் கடிதங்களும் தடைபடும். ஒரே அடுக்குமாடியில் ஒரு வீட்டுக்காரர் செய்த தவற்றுக்காகக் கட்டடம் முழுவதற்கும் தபால் நிறுத்தப்படுவது போன்றது இது.

அரசாங்கம் அல்லாத ஓர் அமைப்பு ஒருவரின் வணிகத்தையே முடக்கக்கூடிய பட்டியலை வெளியிடலாமா என்னும் கேள்வி நீதிமன்றத்திற்கும் சென்றது. 'இ360 இன்சைட்' என்னும் அமெரிக்க விளம்பர நிறுவனம், தன்னைப் பட்டியலில் சேர்த்ததற்காக ஸ்பேம்ஹவுஸ் அமைப்பின்மீது வழக்குத் தொடுத்தது. தன் அமைப்பு பிரிட்டனில் உள்ளது என்றும் அமெரிக்க நீதிமன்றத்திற்குத் தன்மீது அதிகாரம் இல்லை என்றும் கருதிய ஸ்பேம்ஹவுஸ் தொடர்ந்து வாதாடவில்லை. எதிர்வாதம் இல்லாததால் 2006ஆம் ஆண்டு நீதிமன்றம் 11.7 மில்லியன் டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டுக்குப் பின்னர், 2010ஆம் ஆண்டு அத்தொகை 27,002 டாலராகக் குறைந்தது. உண்மையான இழப்பு எவ்வளவு என்பதை அந்நிறுவனத்தால் முறையாக மெய்ப்பிக்க முடியவில்லை. இறுதியில், 2011ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்று டாலர் மட்டுமே வழங்கும்படி தீர்ப்பளித்தது.

இவ்வழக்கு ஒரு செய்தியைத் தெளிவாகக் காட்டுகிறது. பட்டியலில் ஏறியபின் வழக்குமன்றத்தின் துணையோடு மீள்வது ஐந்தாண்டு ஓட்டம்; அதன் முடிவில் கையில் மிஞ்சியது மூன்று டாலர். ஆகவே, ஏறாமல் காத்துக்கொள்வதே அறிவுடைமை.

தவிர்க்கும் வழிகள்

கருப்புப் பட்டியலைத் தவிர்க்க விரும்பும் வணிகர் முதலில் செய்ய வேண்டியது, அனுமதி பெறுவது. முகவரிகளை விலைக்கு வாங்குதல் கூடாது. இணையப் பக்கங்களிலிருந்து திரட்டுதலும் கூடாது. வாடிக்கையாளரே விரும்பித் தர வேண்டும். அவ்வாறு தந்த பின்னரும், "நீங்கள்தாம் பதிவு செய்தீர்களா? ஆம் எனில் இங்கே சொடுக்குங்கள்" என்று ஓர் உறுதி அஞ்சலை அனுப்புவது நல்லது. இதற்கு 'இரட்டை ஒப்புதல்' என்று பெயர். தவறாகத் தட்டச்சு செய்த முகவரிகளும், ஒருவர் பெயரில் மற்றொருவர் பதிவு செய்தவையும் இதனால் நீங்கிவிடும். பொறி முகவரிகள் இந்த அஞ்சலுக்கு விடை அளிப்பதில்லை என்பதால் அவையும் பட்டியலுக்குள் நுழைவதில்லை.

அடுத்தது, விலகும் வழியை எளிதாக்குவது. விளம்பர அஞ்சல் ஒவ்வொன்றிலும், 'இனி வேண்டாம்' என்று தெரிவிக்கும் இணைப்புத் தெளிவாக இருத்தல் வேண்டும். அதனைச் சிறிய எழுத்தில் மறைத்து வைப்பது தன் கண்ணைத் தானே குத்திக்கொள்வதற்கு ஒப்பாகும். வெளியேறும் வாசலைக் காணாதவர் புகார்ப் பொத்தானை அழுத்திவிடுவார். விலகிச் சென்றவரால் வணிகருக்கு ஓர் இழப்பே. புகார் செய்தவரால் மற்ற வாடிக்கையாளர்களையும் இழக்க நேரிடும். விலகுவதாகக் கூறியவரின் பெயரை இரண்டு நாள்களுக்குள் நீக்க வேண்டும் என்று மேற்கூறிய கூகள் விதிகளும் வலியுறுத்துகின்றன.

மூன்றாவது, அனுப்புநர் தம்மை அடையாளம் காட்டிக்கொள்வது. மின்னஞ்சலில் அனுப்பியவர் பெயரைப் பொய்யாக எழுதுவது எளிது. இதனைத் தடுக்க மூன்று ஏற்பாடுகள் உள்ளன. எந்தெந்தக் கணினிகள் நிறுவனத்தின் பெயரில் அஞ்சல் அனுப்பலாம் என்று வெளியிடுவது எஸ்.பி.எஃப். கடிதம் வழியில் மாற்றப்படவில்லை என்பதை மின் முத்திரையால் உறுதிப்படுத்துவது டி.கே.ஐ.எம். இவ்விரண்டு சோதனைகளிலும் தேறாத அஞ்சலை என்ன செய்ய வேண்டும் என்று பெறுபவருக்கு அறிவிப்பது டிமார்க். பெயர்கள் கடினமாகத் தோன்றினாலும், இவற்றின் பணி வேலைக்காரரிடம் கொடுத்தனுப்பும் முத்திரையிட்ட கடிதத்தின் பணியே. யார் வரலாம், முத்திரை சரியா, சரியில்லையென்றால் என்ன செய்வது என்னும் மூன்று வினாக்களுக்கும் இவை விடை தருகின்றன. மின்னஞ்சல் சேவை வழங்கும் நிறுவனத்தின் உதவியுடன் சிறுவணிகரும் இவற்றை அமைத்துக்கொள்ளலாம்.

நான்காவது, பட்டியலைத் தூய்மையாக வைத்திருப்பது. திரும்பி வந்த முகவரிகளை உடனே நீக்க வேண்டும். நெடுங்காலமாக எந்த அஞ்சலையும் திறக்காதவர்களிடம், "இன்னும் உங்களுக்கு இது தேவையா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு, விடை வராவிட்டால் விட்டுவிட வேண்டும். 600 பேர் கொண்ட உண்மையான பட்டியல் 50,000 பேர் கொண்ட பொய்ப் பட்டியலைவிட மதிப்புமிக்கது.

ஐந்தாவது, அளவும் நேர்மையும். 'அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு' என்பது பழமொழி. நாள்தோறும் வந்து கதவைத் தட்டும் விற்பனையாளரை நல்லவராயினும் யாரும் விரும்பார். 'உங்களுக்குப் பரிசு விழுந்துள்ளது' என்று தலைப்பிட்டு உள்ளே முறுக்கு விற்பதும் தவறு. தலைப்பில் சொன்னதே உள்ளேயும் இருக்க வேண்டும். வழக்கமாக 600 அஞ்சல்கள் அனுப்பும் ஒருவர் திடீரென 50,000 அனுப்புவதும் ஐயத்தை எழுப்பும்; எண்ணிக்கையைப் படிப்படியாகவே உயர்த்த வேண்டும்.

சட்டம் தரும் பாதுகாப்பு

மலேசியாவில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 15 நவம்பர் 2013 முதல் நடைமுறைக்கு வந்தது. வணிக நடவடிக்கைகளில் திரட்டப்படும் தனிநபர் விவரங்களை இச்சட்டம் பாதுகாக்கிறது. ஒருவரின் மின்னஞ்சல் முகவரியும் அவருடைய தனிநபர் விவரமாக அமையக்கூடும். தம் விவரங்களை விளம்பரத்திற்குப் பயன்படுத்துவதை நிறுத்துமாறு எழுத்துவழிக் கேட்கும் உரிமையை இச்சட்டத்தின் 43ஆவது பிரிவு ஒவ்வொருவருக்கும் வழங்குகிறது. கேட்டும் நிறுத்தாவிட்டால் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் முறையிடலாம். ஆணையரின் உத்தரவையும் மீறும் நிறுவனத்திற்கு ரி.ம. 200,000 வரை அபராதம், ஈராண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

சட்டமும் கருப்புப் பட்டியலும் வேறுவேறானவை. சட்டம் நாட்டின் எல்லைக்குள் இயங்குவது. விசாரணைக்குப் பின் தண்டிப்பது. கருப்புப் பட்டியலோ எல்லையற்றது; விசாரணை இன்றியே செயல்படுவது. ஆனால், இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. ஒருவரின் உள்பெட்டி அவருக்கே சொந்தம். அவருடைய அனுமதியின்றி யாரும் அதனுள் நுழையக்கூடாது.

மீளும் வழி

பட்டியலில் ஏறியவர் மீள முடியாதா? முடியும். ஆனால், வரிசை முக்கியம். முதலில் தவறு எங்கே நேர்ந்தது என்பதைக் கண்டறிய வேண்டும். வாங்கிய முகவரிகளை அழித்துவிட வேண்டும். கணக்கிற்குள் யாரேனும் புகுந்திருந்தால் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். அதன் பின்னரே பட்டியல் அமைப்பிடம், நேர்ந்ததையும் திருத்தியதையும் விளக்கி, பெயரை நீக்கும்படி விண்ணப்பிக்க வேண்டும். சில பட்டியல்களில் தவறு தொடராவிட்டால் குறிப்பிட்ட காலத்தில் பெயர் தானாகவே நீங்கிவிடும். திருத்தாமல் நீக்கச் சொன்னால் பெயர் மீண்டும் ஏறும்; இரண்டாம் முறை நம்ப வைப்பது முதல் முறையைவிடக் கடினம்.

புதிய பெயரில் புதிய முகவரியைத் தொடங்கிவிடலாம் என்று சிலர் எண்ணுவர். அதுவும் எளிதன்று. புதிய பெயருக்குக் கெட்ட பெயர் இல்லை என்பது உண்மை; நல்ல பெயரும் இல்லை என்பதும் உண்மை. தோட்டத்திற்குப் புதிதாக வந்தவருக்கு எந்தக் கடைக்காரரும் முதல் நாளே மூட்டை அரிசியைக் கடனாகத் தருவதில்லை. சிறுகச் சிறுகத்தான் நம்பிக்கை வளரும்.

சிலிபின் அம்மையாரும் இவ்வழியையே பின்பற்ற வேண்டியிருக்கும். அந்தத் தீபாவளிக்கு 300 பொட்டலம் முறுக்கு விற்காமல் போனது போனதுதான். ஆனால், அவரிடம் 600 பேர் இருக்கின்றனர். அவர்கள் அவருடைய கைப்பக்குவத்தை அறிந்தவர்கள். அவருடைய கடிதம் வரவில்லையே என்று தாமே தொலைபேசியில் அழைத்துக் கேட்டவர்கள். 50,000 பேரில் ஒருவர்கூட அவ்வாறு அழைக்கவில்லை. விலைக்கு வாங்க முடிந்தது முகவரிகளை மட்டுமே. காத்திருக்கும் மனிதர்களை அல்ல. கடைக்காரரின் 555 புத்தகமாயினும் கணினியின் கருப்புப் பட்டியலாயினும், அவற்றில் எழுதப்படுவது ஒருவர் பிறருடைய நம்பிக்கையை எவ்வாறு நடத்தினார் என்பதே.

கருத்துணர் கேள்விகள்

1. 555 புத்தகத்திற்கும் கருப்புப் பட்டியலுக்கும் இடையிலான இரண்டு ஒற்றுமைகளை எழுதுக.

2. குப்பை அஞ்சல் பெருகுவதற்குச் செலவு எவ்வாறு காரணமாகிறது? தபால் கடிதத்தோடு ஒப்பிட்டு விளக்குக.

3. 'பொறி முகவரி' என்றால் என்ன? இரட்டை ஒப்புதல் அதனை எவ்வாறு விலக்குகிறது?

4. வெளியேறும் வாசலை மறைப்பது தன் கண்ணைத் தானே குத்திக்கொள்வதற்கு ஒப்பாகும் என்று கூறப்படுவது ஏன்?

5. பகிர்ந்துகொள்ளும் வழங்கியால் குற்றமற்றவர்களும் பாதிக்கப்படுகின்றனர். அவ்வாறாயின் கருப்புப் பட்டியல் நியாயமானதா? உமது கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.